ஆனி மாதத்தில் ஆவணி பார்த்து ஓடு பிரித்த கதை

எங்கள் எதிர்வீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். கெட்டவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்லிவிட முடியாது. கெட்டது செய்யவும் கொஞ்சம் யோசனை வேண்டுமே. மூத்தவர் பலவேசம், நடுவுள்ளவர் மாசானம், கடைக்குட்டி கோமதிநாயகம். கடைக்குட்டிக்கே முப்பத்தாறு வயசு. மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்று கேட்டால் எங்கள் ஊர் வாகைப்பொட்டலில் எல்லாரும் அந்த வீட்டு முகட்டைக் காட்டுவார்கள். நாட்டு ஓடு போட்ட வீடு. தென்காசிப் பக்கத்துச் சாரல் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் ஆனி ஆடியில் ஒரு நடை வந்து பாருங்கள். சாரல் பிடித்தால் அந்த வீட்டுக்குள் பதினேழு இடத்தில் ஒழுகும். பலவேசத்துக்குப் பெண் கொடுக்க வந்தவருக்கு நடுமண்டையில் ஒழுகியது. மாசானத்துக்குப் பெண் கொடுக்க வந்தவரை, ஒழுகாத இடமாகப் பார்த்து மரியாதையாக உட்கார வைத்தார்கள். அந்த இடம் மாட்டுத் தொழுவில் இருந்தது. இரண்டு பேருமே காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

நான் எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தவன். இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்லுகிறேன், நீங்கள் நம்ப வேண்டுமே என்று.

இந்த வருஷம் வைகாசியில், கோவில் கொடைத் திருவிழாவில் கோமதிநாயகம் ராட்டினத்தில் ஏறினான். கம்பியை விடவே கூடாது என்று ராட்டினக்காரர் சொல்லியிருந்தார். ராட்டினம் நின்றது, எல்லாரும் இறங்கினார்கள், அடுத்த ஆட்கள் ஏறிச் சுற்றினார்கள், அவர்களும் இறங்கினார்கள். இவன் கம்பியை விடவில்லை. கீழே வரிசையில் நின்ற ஒரு பெண்தான் கிட்டே வந்து, "இப்ப விடலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்றையிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்ணைக் கட்டாவிட்டால் செத்துப்போவேன் என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. சாப்பிடாமல் உட்கார்ந்து அவள் பெயரை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தான்.

பெயர் உலகம்மாள். பக்கத்து ஊர் மேலப்பாறைப் பூலுடையாரின் ஒரே மகள். அவளுக்கும் இவனைப் பிடித்திருக்கிறது என்று தெரிய வந்தபோது எங்கள் தெருவே கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு யோசித்தது.

பூலுடையார் லேசுப்பட்டவர் இல்லை. சொன்ன சொல்லில் ஒரு எழுத்து மாறமாட்டார். ஒரு தடவை கண்டக்டரோடு சண்டை போட்டு, "இனி இந்தப் பஸ்ஸில் ஏறினால் என் பேர் பூலுடையார் இல்லை" என்று சொல்லிவிட்டார். அந்த வழிக்கு இருப்பது அந்த ஒரே பஸ். பதினோரு வருஷமாகத் தென்காசிக்கு நடந்தே போய் வருகிறார். அப்பேர்ப்பட்டவர் ஆனி பதினொன்றில் வந்து, வாசலில் நின்றபடியே வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, தெருவில் இருந்த பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஒழுகாத வீடா இருந்தா எம் மகளைத் தாரேன். ஆடி கழியட்டும், ஆவணி ஒண்ணாந்தேதி நானே வந்து பாப்பேன். ஒரு சொட்டு ஒழுகினாலும் இந்தப் பேச்சு கிடையாது. கட்டிக் குடுத்த பிறகு ஒழுகினாலும் கையோட மகளைக் கூட்டிட்டுப் போயிருவேன். கடையத்துல கான்கிரீட் வீட்டு மாப்பிள்ளை ஒருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்."

அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் அன்றைக்கே வேலாண்டி கொத்தனாரைப் போய்ப் பார்த்தார்கள். வீட்டைச் சரி பண்ண வருஷத்தில் எது நல்ல காலம் என்று கேட்டார்கள். கொத்தனார் நியாயமான மனுஷன். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். இப்போது ஆனிக் காற்றும் சாரலும், ஓட்டில் கை வைக்கக்கூடாது. ஆடியில் சாரல் இன்னும் வலுக்கும். ஐப்பசி பிறந்தால் அடைமழை. ஆவணி இருபதுக்கு மேலே சாரல் ஓய்ந்து, வெயில் காட்டி, ஒரு இருபது நாள் கிடைக்கும். வீட்டு வேலைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. அன்றைக்கு வாருங்கள், நானே ஆளோடு வருகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் அழுகிற நிலைமையில் இருந்தான். நல்ல காலம் ஆவணி இருபதில் வருகிறது, மாமா பூலுடையார் ஆவணி ஒன்றிலேயே வருகிறார். நடுவில் பத்தொன்பது நாள் உதைக்கிறது. மாமாவைத் தள்ளி வரச்சொல்ல முடியாது, அவர் பஸ்ஸிலேயே ஏறாதவர். அப்படியானால் நல்ல காலத்தைத்தான் முன்னால் இழுக்க வேண்டும் என்று மாசானம் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தை நான் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அரிசிக் கடையில் கொடுத்தது. காலையில் குளித்து, திருநீறு பூசி, தாளைக் கிழிக்கிற உரிமை மூத்தவர் பலவேசத்துக்கு மட்டும்தான். ஒரு தடவை அவர் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டார். யாரும் கிழிக்கவில்லை. மூன்று நாளும் அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை சவரம் பண்ணக்கூடாது என்று மாசானம் மூன்று நாளும் தாடியோடு திரிந்தார். நாலாவது நாள் பலவேசம் எழுந்து வந்து தாள்களைக் கிழித்த பிறகுதான் வெள்ளிக்கிழமை வந்தது. அதிலிருந்து தான் கிழிப்பதால்தான் நாள் நகருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தம்பிகளுக்கும் கிடையாது.

"அண்ணே, தினமும் ஒரு தாள்தானே கிழிக்கீரு?" என்றார் மாசானம்.

"ஆமா. ஒண்ணுக்கு மேல கிழிச்சுப் பழக்கமில்ல."

"கிழிச்சா என்ன ஆகும்?"

பலவேசம் நெடுநேரம் காலண்டரையே பார்த்தார். "இத்தனை வருஷமா எனக்கு இது தோணலியே" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ மழைக்காலத்தை வீணாக உட்கார்ந்து நனைந்து கழித்திருக்கிறார்களே.

மறுநாள் ஆனி பன்னிரண்டு. காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தார் பலவேசம். எழுபது தாளுக்கு மேலே கிழிக்க வேண்டும். எழவெடுத்த அவசரத்தில் கிழிக்கிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு தாளாகக் கிழித்து, மூன்று பேருக்கும் ராசிபலன் படித்து, அதை அனுபவிக்கக் கொஞ்சம் நேரம் விட்டு, அப்புறம்தான் அடுத்தது. 'வீண் அலைச்சல்' என்று வந்தபோது மாசானம் எழுந்து தெருமுனை வரைக்கும் வீணாகப் போய்விட்டு வந்தார். ஆடி அமாவாசைத் தாள் வந்ததும் மூன்று பேரும் கிணற்றடிக்கு ஓடி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, செத்துப்போன அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஆகஸ்ட் பதினைந்து வந்ததும் எழுந்து நின்றார்கள்.

ஆவணி ஒன்று வந்தது. கிழித்த கையோடு பலவேசம் நிறுத்திவிட்டார். கோமதிநாயகம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். மாசானம் காப்பி போட்டார். மாமா வருவார் என்று அந்தத் தாளை அரைமணி நேரம் அப்படியே வைத்திருந்தார்கள். தெருவில் நான்தான் இருந்தேன். யாரை எதிர்பார்க்கிறாய் என்று கேட்டேன். பூலுடையார் இன்றைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார், வரவில்லையே என்றான். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கே பூலுடையார் மேல் கோபம் வந்தது. அப்புறம்தான் அன்றைக்கு ஆனி பன்னிரண்டு என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

காப்பி ஆறிப்போன பிறகு மூன்று பேரும் கூடிப் பேசினார்கள்.

"சொன்ன சொல் தவறாத மனுஷன்னாக. வரலியே" என்றார் பலவேசம்.

"ஒருவேளை நமக்குத் தெரியாம வந்து ஒழுகுறதைப் பாத்துட்டுப் போயிருப்பாரோ?" என்றான் கோமதிநாயகம்.

"நாமதான் வாசல்லயே நின்னோமே."

"அப்ப வரல. வராதவரு பொண்ணு தரமாட்டேன்னு எப்படிச் சொல்ல முடியும்?" என்றார் மாசானம்.

இது எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது. மீதித் தாள்களையும் கிழித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஆவணி இருபது வந்து சேர்ந்தது. ஒரே நாளில் இரண்டு மாதத்துக்கு மேலே கடந்து வந்த களைப்பில் மூன்று பேரும் விழுந்து தூங்கினார்கள்.

விடிந்ததும் போய்க் கொத்தனாரைக் கூட்டிவந்து காலண்டரைக் காட்டினார்கள். அவர் காலண்டரைப் பார்த்தார், வெளியே வந்து வானத்தைப் பார்த்தார், மறுபடியும் உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்தார். பிறகு என் கடைக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். நேற்று ஆனி பன்னிரண்டு, இன்றைக்கு ஆனி பதின்மூன்று, ஆவணி இருபது வரட்டும், வருகிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டார். அதுவரைக்கும் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பின்னாலேயே மூன்று பேரும் போனார்கள். அவர் தப்பித்தால் போதும் என்று, வேலை நடக்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவைத்தார். முதலில் ஓடுகளை இறக்கணும், ஒன்றுகூட உடையக்கூடாது. இறக்கின ஓடு நனையவே கூடாது, நனையாத இடமாகப் பார்த்து அடுக்கணும். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான் சொன்னார். அது போதாதா.

"கொத்தனாருக்கு வயசாயிட்டு. தேதி மறந்துபோகுது" என்று பரிதாபப்பட்டார் பலவேசம்.

என் ஏணியை வாங்கிப் போனார்கள். கோமதிநாயகம் மேலே, மாசானம் ஏணி நடுவில், பலவேசம் கீழே. ஒன்றுகூட உடையக்கூடாது என்பதால் ஒவ்வொரு ஓடாகத் துண்டில் சுற்றி, பிள்ளையைக் கை மாற்றுகிற மாதிரி மாற்றினார்கள். இறக்கின ஓடுகளை எங்கே அடுக்குவது? நனையாத இடம் என்றால் வீட்டுக்குள்ளேதான். ஒழுகாத மூலையாகப் பார்த்து அடுக்கினார்கள். நாலு நாளில் அந்த மூலைக்கு மேலே இருந்த ஓடுகளையும் பிரிக்கும்படி ஆயிற்று. உடனே அடுக்கை அடுத்த மூலைக்கு மாற்றினார்கள். அப்புறம் அந்த மூலையும் திறந்துகொண்டது. கூரை குறையக் குறைய ஓடுகள் வீட்டுக்குள் இங்கேயும் அங்கேயும் அலைந்தன. கடைசியில் வீட்டுக்குள் நனையாத இடமே இல்லை என்று ஆனதும் மூன்று பேரும் என் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

நான் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். கோமதிநாயகம் ஒரே ஒரு ஓட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். அதற்குப் பிறகு எப்படி இல்லை என்பது. என் கடைக்குள் ஓடு இருந்தது. சைக்கிள்கள் ரோட்டில் நின்றன. உடைந்த ஓடு ஒன்றுகூட இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓடு முழுவதையும் இறக்கி முடித்த அன்று மத்தியானம் சாரல் பிடித்தது. சும்மா பிடிக்கவில்லை. மலையே கரைந்து வருகிற மாதிரி வந்தது. அண்ணன் தம்பிகள் வீட்டுக்குள் நனைந்துகொண்டே உட்கார்ந்து ஆலோசனை நடத்தினார்கள். காலண்டரை மட்டும் ஓடுகளோடு என் கடையில் பத்திரப்படுத்திவிட்டதால், அதைப் பார்க்க அடிக்கடி ஒருவர் ஓடிவந்து போனார்.

"என்ன தேதி காட்டுது?" என்றார் பலவேசம்.

"ஆவணி இருபத்தெட்டு" என்றார் மாசானம்.

"ஆவணிக் கடைசியில சாரல் கிடையாதுன்னுல்லா கொத்தனார் சொன்னாரு."

"சொன்னாரு."

"அப்ப இது என்னது?"

மூன்று பேரும் கையை நீட்டிப் பார்த்தார்கள். ஈரமாகத்தான் இருந்தது. பிறகு கோமதிநாயகம் சொன்னான்: "அண்ணே, இது பழைய சாரல். ஆனியிலயும் ஆடியிலயும் பெய்ய வேண்டியது. நாம ஒரே நாள்ல படபடன்னு கிழிச்சுட்டோம். பாவம், அதுக்குப் பெய்ய நேரமே கிடைக்கல."

மற்ற இரண்டு பேரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள். தப்பு தங்கள் பேரில்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். மிச்சத்தைப் பெய்து முடிக்கட்டும், அதுவரைக்கும் தாளைக் கிழிக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. கிழிக்காமல் இருந்தால் இன்னொரு லாபமும் இருக்கிறது என்று மாசானம் கண்டுபிடித்தார். ஆவணி இருபத்தெட்டு அப்படியே நிற்கும். ஐப்பசி வரவே வராது. நல்ல காலம் எத்தனை நாள் ஆனாலும் தீராது. ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை என்று, அன்றோடு வேலையையும் நிறுத்திவிட்டார்கள்.

எல்லாம் சரி, மாமா வராமல் போனது மட்டும் கோமதிநாயகத்துக்கு முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கடையத்துக் கான்கிரீட்டை நினைத்து நினைத்து இளைத்தான். கொடையில் ஒரே ஒரு தடவை சிரித்தவள், தன்னை மறந்திருப்பாளோ என்று என்னிடம் வந்து கேட்டான். நாலு மாதம் ஆகிவிட்டதே என்றான். இரண்டு மாதம்கூட ஆகவில்லையடா என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. கடைசியில் பலவேசம், நேரிலேயே கேட்டுவிடுவோம் என்று மாசானத்தை மேலப்பாறைக்கு அனுப்பினார்.

மாசானம் போய்ப் பூலுடையார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அங்கே பேசினதை எங்களிடம் அப்படியே வந்து சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர்.

"ஆவணி ஒண்ணாந்தேதி வாரேன்னு சொன்னீக மாமா. நாங்க காப்பி போட்டு வச்சுக்கிட்டுக் காத்துக்கிடந்தோம். பெரிய மனுஷன் இப்படிச் செய்யலாமா?"

பூலுடையார் சுவரில் தொங்கின காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு ஆடி மூணு" என்றார்.

"எங்க வீட்டுல ஆவணி இருபத்தெட்டு. உங்க வீட்டுல காலண்டரை யாரு கிழிக்கா?"

"எம் மகதான்."

"ரொம்ப மெதுவாக் கிழிக்காவ போல" என்றார் மாசானம்.

உள்ளே அடுப்படியில் இருந்த உலகம்மாள் சிரித்துவிட்டாளாம். பூலுடையாருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சொன்ன சொல் தவறினான் என்று அவரை இதுவரை ஒருத்தன் சொன்னதில்லை. இன்றைக்கே வருகிறேன், வந்து உங்கள் வீட்டைப் பார்த்து, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் மறுவேலை என்று எழுந்தார். அப்பா நானும் வருகிறேன் என்றாள் உலகம்மாள். நீயும் வா, நீ கேட்கிற வீட்டு லட்சணத்தை நீயே வந்து பார் என்று மகளையும் கூட்டிக்கொண்டார். பஸ்ஸில் ஏறமாட்டாரே. மூன்று பேரும் மழையில் நாலு மைல் நடந்தே வந்தார்கள்.

நான் கடையை விட்டு இறங்கி அவர்கள் பின்னாலேயே போனேன். இதைப் பார்க்காவிட்டால் எதைப் பார்ப்பது.

பூலுடையார் வாசற்படி ஏறினார். பழக்க தோஷம், குடையை மடக்கி வெளியே சாத்தி வைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு எட்டு வைத்ததும் தொப்பலாக நனைந்துவிட்டார். அப்போதுதான் அண்ணாந்து பார்த்தார். சுவர் நாலும் இருந்தது. விட்டமும் ஓடு தாங்குகிற கைமரமும் இருந்தன. அதற்கு மேலே வானம் இருந்தது.

பலவேசம் வணங்கி, "வாங்க மாமா. ஒரு மாசம் பிந்தினாலும் வந்துட்டீகளே, அதுவே சந்தோஷம்" என்றார்.

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?" என்றார் பூலுடையார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டார்.

"ஒரு சொட்டு ஒழுகினாலும் பொண்ணு தரமாட்டேன்னு சொன்னீக."

"பிறகு இது என்ன?"

"எங்க ஒழுகுதுன்னு காட்டுங்க மாமா."

பூலுடையார் கையைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது. ஒழுகுகிற இடத்தைக் காட்ட அங்கே ஓடு வேண்டும், ஓட்டில் ஒரு பொத்தல் வேண்டும். எதைக் காட்டுவார்? கூடத்தைச் சுற்றி வந்தார். அடுப்படியில் நுழைந்து பார்த்தார். எங்கே பார்த்தாலும் மழை தாராளமாக, ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஒழுகல் என்று ஒரு இடத்திலும் இல்லை. வேறு ஆளாக இருந்தால், அட போங்கடா என்று நடையைக் கட்டியிருப்பார். இவர் சொன்ன சொல்லில் எழுத்து மாறாதவர். பத்துப் பேர் முன்னால் சொன்னது ஒழுகக்கூடாது என்றுதான். நனையக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதை அவர் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார் என்பது அவர் உதட்டு அசைவிலேயே எனக்குத் தெரிந்தது.

கோமதிநாயகம் சுவரோடு ஒட்டி நின்று உலகம்மாளையே பார்த்தான். தலையிலிருந்து தண்ணீர் வழிய, அவ்வளவு பயந்து ஒரு ஆம்பளை நின்று நான் பார்த்ததில்லை. முட்டாளாகவே இருக்கட்டும், ஆசை எல்லாருக்கும் ஒன்றுதானே.

உலகம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, நம்ம வீட்டுல பதினாலு இடத்துல ஒழுகுது. விவரம் தெரிஞ்ச நாளா பாத்திரத்தை மாத்தி மாத்தி வச்சு எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. இங்க ஒரு பாத்திரம்கூட வைக்க வேண்டாம். எனக்கு இந்த வீடு போதும்."

பூலுடையார் மகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஒழுகலைதான்" என்றார். சொன்னது சொன்னதுதான்.

முகூர்த்தம் பூலுடையார் வீட்டுக் காலண்டர்படி ஆவணி இருபத்தெட்டில் குறித்தார்கள். அதுவரைக்கும் பலவேசம் ஒரு தாளைக்கூடக் கிழிக்கவில்லை. ஊரும் ஒவ்வொரு நாளாக நடந்து நடந்து ஒருவழியாக ஆவணி இருபத்தெட்டுக்கு வந்து சேர்ந்தது. பின்தங்கி வருகிறவர்களை வரவேற்கிற மாதிரி அவர் கல்யாண வீட்டு வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். சாரல் ஓய்ந்து நல்ல வெயில். தாலி கட்டும்போது விட்டத்துக்கு மேலே ஒரு பருந்து வட்டம் போட்டது. சாப்பாட்டில் குறை சொல்ல ஆள் இல்லை.

மறுநாளே வேலாண்டி கொத்தனார் சொன்னபடி நாலு ஆளோடு வந்துவிட்டார். அதைவிட நல்ல காலம் வருஷத்திலேயே கிடையாது. மேகம் இல்லை, காற்று இல்லை. கைமரமெல்லாம் வெயிலில் சுக்காகக் காய்ந்திருந்தது. ஓடுகள் என் கடையில் நனையாமல் உடையாமல் அடுக்காக இருந்தன. முப்பது வருஷத்தில் இவ்வளவு பதமாக ஒரு வீடு வேலைக்குத் தயாராக இருந்து நான் பார்த்ததில்லை, இரண்டே நாளில் கூரை மேய்ந்துவிடுவேன் என்று கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டினார். எனக்கும் மனசு குளிர்ந்தது. என் சைக்கிள்கள் கடைக்குள் வரும்.

கோமதிநாயகம் ஓடிவந்து ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் கொத்தனாரே. கும்பிட்டுக் கேக்கேன், ஓடு போட்டுறாதீக."

"ஏன்டே?"

"ஓடு போட்டா ஒழுகிரும். ஒழுகினா மாமா வந்து இவளைக் கூட்டிட்டுப் போயிருவாரு." அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இப்பத்தான் வந்திருக்கா."

கொத்தனார் உலகம்மாளைப் பார்த்தார், நீயாவது சொல்லம்மா என்கிற மாதிரி. எங்க அப்பா சொன்னா சொன்னதுதான் என்று அவள் ரொம்பக் கவலையாகச் சொன்னாள். ஒழுகாமல் மேய்ந்து தருகிறேன் என்று கொத்தனார் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். ஓடு இருக்கிற வீட்டில் என்றைக்காவது ஒருநாள் ஒழுகத்தானே செய்யும் என்று பலவேசம் கேட்டார். கொத்தனார் வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு ஆட்களோடு போய்விட்டார்.

இப்போது ஐப்பசி. அடைமழை பிடித்து இன்றைக்கு ஐந்தாவது நாள். எதிர்வீட்டில் நாலு பேரும் குடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நேற்று மத்தியானம் கிழக்கே இருந்து காற்றோடு மழை வீசி அடித்தது. நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உலகம்மாள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். வாசலில் நின்று மழையைப் பார்த்து, "அம்மாடி, என்னா அடி அடிக்குது" என்றாள். பிறகு தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே என்று கதவை இழுத்துச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டாள்.